அருப்புக்கோட்டைக்கு வந்த 107 எட்டுக்கால் பூச்சி

அக்கா பையன் ஒரு ரீல்ஸ் அனுப்பினான். ஒரு ஆளு உள்ளங்கை நிறைய ரோமம் மண்டின எட்டுக்கால் பூச்சி ஒண்ணை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. பின்னால ஏதோ குத்துப்பாட்டு. கீழ எழுத்து ஓடுது: "புதுசா வளர்க்கிறவங்களுக்கு ஏத்தது. குரைக்காது. முடி கொட்டாது. வாரம் ஒரு பூச்சி போட்டா போதும். கூரியர்ல வீட்டுக்கே வரும்."

அதுக்குக் கீழ நம்மாளு கேள்வி: "மாமா, வாங்கலாமா?"

முடி கொட்டாதுன்னு போட்டிருக்கான் பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் கையில வச்சிருக்கிற வகை, ஆபத்துன்னா முதல்ல பண்ற வேலையே முடியை உதிர்க்கிறதுதான். (அதுக்கு அப்புறம் வர்றேன்.)

ரெண்டாவது எரிச்சல், அந்தக் கூரியர்.

இத்தனைக்கும் ராஜபாளையத்துல பிறந்த பய. இந்த ஊர் பேரைச் சொன்னா உலகத்துக்கே நாய்தான் ஞாபகம் வரும். 2005-ல தபால்துறை நம்ம நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டப்போ, ராஜபாளையம் நாயும் அதுல ஒண்ணு. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்குன்னு சும்மா ஜம்முனு இருக்கும். அதை விட்டுட்டு இவனுக்கு எட்டுக்கால் பூச்சி வேணுமாம்.

சரி, ஆசை யாரை விட்டுச்சு. ஆனா தபால்னு சொன்னதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கும் வந்திருக்கும், நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரங்களா இருந்தா.

2021 ஜூலை. சென்னை விமான நிலையச் சுங்கத்துறை ஆட்கள், வெளிநாட்டுத் தபால் பிரிவுல ஒரு பார்சலை நிறுத்துறாங்க. வந்தது போலந்துலருந்து. போக வேண்டிய இடம் அருப்புக்கோட்டை. (ஆமா, நம்ம அருப்புக்கோட்டையேதான்!) பிரிச்சா தெர்மாகோல் பெட்டி. அதுக்குள்ள வெள்ளித்தாளும் பஞ்சும் சுத்தின குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பிக்குள்ளயும் ஒரு உயிருள்ள எட்டுக்கால் பூச்சி. எண்ணிப் பார்த்தா 107.

வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவுக்காரங்களையும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகளையும் கூப்பிட்டுக் காட்டியிருக்காங்க. அவங்க பார்த்துட்டு பிராக்கிபெல்மா, அபோனோபெல்மா இனமா இருக்கும்னு சொன்னாங்க. மெக்சிகோ, மத்திய அமெரிக்காப் பக்கத்து டரான்டுலாக்கள். இறக்குமதி உரிமம் கிடையாது, சுகாதாரச் சான்று கிடையாது. அதனால பறிமுதல் பண்ணி, வந்த ஊருக்கே திருப்பி அனுப்பத் தபால்காரங்க கையில ஒப்படைச்சாங்க.

நம்ம ஊர் நாய் தபால்தலையில ஏறுச்சு. மெக்சிகோ எட்டுக்கால் பூச்சி தபால்லயே ஏறி வந்துச்சு. காலம்!

இன்னொண்ணு. அதே வருஷம் பிப்ரவரியிலதான் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிச்சாங்க. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. அதுல ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் 1988-லருந்தே நரை அணில் சரணாலயமா இருந்துச்சு. அந்த மலையில டரான்டுலா குடும்பத்துக்கும் பஞ்சமில்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க மரப்பொந்துல வாழுற வகை இருக்கு. அதாவது, வாசல்ல வாழை இருக்க, வெளிநாட்டுலருந்து இலை வரவழைச்ச கதை.

பையன் கேட்ட அடுத்த கேள்வி: "அப்ப அந்தக் காப்பகத்துல, செண்பகத்தோப்புலருந்து ஒண்ணு பிடிச்சுக்கலாமா மாமா?"

டேய்.

அங்கதான் உட்கார்ந்து அவனுக்கு எல்லாத்தையும் விளக்க வேண்டியதாப் போச்சு. விளக்கினதை அப்படியே இங்க போடுறேன். வேற மருமகன்களுக்கும் உதவும்.

முதல்ல சட்டம். போரடிக்கும், சீக்கிரம் முடிச்சிடுறேன்.

காப்பகத்துக்குள்ளருந்து எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. பேச்சே கிடையாது. நம்ம மரப்பொந்து டரான்டுலாவுக்குப் பேரு பொயிசிலோதீரியா. இந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டும்தான் இருக்கு. யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் புலிமுகச் சிலந்திம்பாங்க. காட்டு உயிரினங்களோட சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம் சைட்டிஸ். 2019-ல ஜெனீவாவுல நடந்த சைட்டிஸ் மாநாட்டுல இந்த இனம் மொத்தத்தையும் இரண்டாம் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. கோரிக்கை வச்சது இலங்கையும் அமெரிக்காவும். மெக்சிகோ செங்கால் டரான்டுலா அந்தப் பட்டியலுக்கு 1985-லயே போயாச்சு.

நம்ம நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல திருத்தினாங்க. 2023 ஏப்ரல் 1-லருந்து அது நடைமுறை. அதுல சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களும் உள்ள வந்துடுச்சு. 2024-ல பதிவு விதிகளும் வந்தாச்சு. மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும், குட்டி போட்டாலும் சொல்லணும், செத்தாலும் சொல்லணும், இன்னொருத்தருக்குக் கொடுத்தாலும் சொல்லணும்.

அதனால "டாக்குமென்ட் எல்லாம் இருக்கு ப்ரோ"ன்னு எவனாவது சொன்னா, காட்டச் சொல்லுங்க. எங்க பையன் கேட்டான். அந்த ஆளு அதுக்கப்புறம் பதிலே போடல. ரெண்டு நீல டிக் மட்டும் விழுந்துச்சு.

சட்டம் முடிஞ்சுது. இனி சங்கதிக்கு வருவோம்.

டரான்டுலால ரெண்டு கட்சி இருக்கு. அமெரிக்கக் கண்டத்து வகை ஒண்ணு. ஆசியா, ஆப்பிரிக்கா வகை இன்னொண்ணு. யாரு எந்தக் கட்சின்னு தெரியாம வாங்குறவன் புத்திசாலி இல்ல.

அமெரிக்க வகைகள்ல பெரும்பாலானதுக்கு வயித்து மேல அரிப்பு ரோமம் இருக்கும். கோபம் வந்தா பின்னங்காலால வரட்டு வரட்டுனு தேய்ச்சுக் காத்துல விடும். தோல்ல பட்டா அரிப்பு. கண்ணுல பட்டா கதை கந்தல். இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்க்காரர் ஒருத்தர், சிலி ரோஸ் வகை டரான்டுலாவோட தொட்டியைத் துடைச்சுக்கிட்டு இருந்தப்போ அது ஒரு விசிறு விசிறிடுச்சு. கண்ணு சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாம, ஆறாம இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. டாக்டருங்க பெரிய லென்ஸ் வச்சுப் பார்த்தா, கருவிழிக்குள்ள மெல்லிசு மெல்லிசா ரோமம் குத்தி நிக்குது! 2009 கடைசியில லான்செட் மருத்துவ இதழ்லயே வந்துச்சு. "முடி கொட்டாது"ன்னு எழுதினவன் இதைப் படிக்கணும்.

ஆனா இந்தக் கட்சிக்குப் பொறுமை ஜாஸ்தி, விஷம் கம்மி. அதனாலதான் புதுசா வளர்க்கிறவங்களுக்கு உலகம் முழுக்க இதைச் சொல்றாங்க. மெக்சிகோ செங்கால், சிலி ரோஸ், சுருட்டை முடின்னு மூணு பேரு அடிக்கடி வரும். மூணும் தரையில வாழுற வகை. மெதுவா நடக்கும், மெதுவா வளரும்.

நம்ம ஆசியக் கட்சிக்கு ரோமம் வீசுற வேலை கிடையாது. நேரா ஓட்டம், இல்ல கடி. அதுவும் பொயிசிலோதீரியா ஓடுற வேகம் இருக்கே, இங்க இருந்துச்சு, இப்ப இல்ல, அவ்வளவுதான். கடிச்சா உயிர் போகாது. டரான்டுலா விஷத்துல மனுஷன் செத்ததா உறுதியான பதிவு எதுவும் கிடையாது. ஆனா தசை பிடிச்சு இழுக்கும். கெண்டைக்கால் இழுப்பு வருமே, அந்த மாதிரி உடம்புல பல இடத்துல, நாள்கணக்குல விட்டு விட்டு வரும்.

எல்லா டரான்டுலாவும் ஒண்ணுன்னு நினைச்சு, அழகா இருக்குன்னு நீலக்கலர் ஒண்ணைக் கேட்டான் பையன். அதோட கதை சினிமாவா எடுக்கலாம். 1899-ல போக்காக்னு ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளர் அதுக்குப் பேர் வைக்கிறாரு, பொயிசிலோதீரியா மெட்டாலிகா. கிடைச்சது ஒரே ஒரு பூச்சி, ஆந்திராவுல குத்தி ரயில் நிலையத்து மரக்கட்டைக் கிடங்குல. அப்புறம் நூறு வருஷத்துக்குக் காணோம். 2001-ல நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவுல இருக்கிற காட்டுல திரும்பக் கண்டுபிடிச்சாங்க. அது குத்தியிலருந்து ரொம்ப தூரம்! கட்டையோட ரயிலேறிப் போயிருக்கும்னு நினைக்கிறாங்க. டிக்கெட் எடுக்காம.

காட்டுல அது மிக அபாய நிலைப் பட்டியல்ல இருக்கு. ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் வீட்டு டப்பாவுல பெருகிக் கிடக்கு. நம்ம ஊர்ச் சரக்கை நாமளே வெளிநாட்டுலருந்து கேக்குற நிலைமை.

ராமேஸ்வரத்துலயும் ஒண்ணு இருக்கு. 2004-ல பேர் வச்சாங்க, பொயிசிலோதீரியா அனுமவிலாசுமிகா. அங்க இருக்கிற அனுமார் கோவில் பேருதான். புளியமரம், பனை, தென்னைன்னு தோப்புல வாழுது. தோப்பை வெட்டினா வீடு போச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார்லயும் அதே இனத்தைப் பார்த்திருக்காங்க. (அனுமார் ஒரு தாவு தாவின அதே வழி. நான் சும்மா சொல்றேன், விஞ்ஞானிங்க அடிக்க வராதீங்க.)

சரி, வளர்ப்புக்கு வருவோம்.

எவ்வளவு நாள் உயிரோட இருக்கும்? இந்தக் கேள்வியை யாருமே கேக்குறதில்ல. செங்கால் வகையில பொட்டைன்னா இருபது வருஷம் தாண்டும். ஆண் வயசுக்கு வந்துட்டா அதுக்கப்புறம் ஒரு வருஷம், கூடப் போனா கொஞ்சம். குட்டியா இருக்கிறப்போ ஆணா பொண்ணான்னு தெரியாது. உரிச்ச தோலைப் பூதக்கண்ணாடியில பார்த்துத்தான் சொல்வாங்க. ஆக, நீங்க வாங்குறது சில வருஷச் சமாச்சாரமா, உங்க பிள்ளை காலேஜ் முடிக்கிற வரைக்குமான்னு வாங்குறப்போ தெரியாது.

"நீ கல்யாணம் பண்ணிப் போற வீட்டுல இது வேணாம்னா?"ன்னு கேட்டேன். அவனுக்கு இன்னும் அரியரே முடியல. முழிச்சான்.

அதனால ஒரு கண்டிஷன் போட்டேன். டரான்டுலா பேச்சு அப்புறம். முதல்ல சாமி படத்துக்குப் பின்னால இருக்குமே, தட்டை உடம்பு, நீளக் கால், கரப்பான் பிடிக்கிற பெரிய வீட்டு எட்டுக்கால் பூச்சி, அதுல ஒண்ணை டப்பாவுல வச்சுக் காப்பாத்து. அது டரான்டுலா இல்ல, வேற குடும்பம். ஆனா பாடம் ஒண்ணுதான். சட்டச் சிக்கல் கிடையாது, செலவு கிடையாது, பிடிக்கலைன்னா திரும்பச் சுவத்துலயே விட்டுடலாம்.

எங்க அம்மா இதுக்கு மறுப்பே சொல்லல. திருவானைக்காவுல லிங்கத்துக்கு மேல வலை பின்னின சிலந்திதான் அடுத்த பிறவியில கோச்செங்கட் சோழனாப் பிறந்துச்சுன்னு அவங்களுக்கு நம்பிக்கை. ஆனைக்கும் சிலந்திக்கும் ஆகாம, பிற்பாடு ஆனை ஏற முடியாத மாடக்கோவிலா அந்த ராசா கட்டினாரு இல்லையா. "ராசா இருந்துட்டுப் போகட்டும்"னுட்டாங்க. ஆனா ராசாவோட சாப்பாடுதான் பிரச்சனையாச்சு. அதைச் சொல்றேன்.

டப்பா. முதல்ல பலசரக்குக் கடையில மிட்டாய் போடுற பெரிய ஜாடி. மூடியில காடாத் துணி கட்டினோம். பூச்சி அதைக் கிழிக்கல, ஆனா டரான்டுலாவுக்கு இது சரிப்படாது. அதோட நகம் வலையில, துணியில மாட்டிக்கும், இழுத்தா கால் போயிடும். கொக்கி வச்ச பிளாஸ்டிக் டப்பாவுல, சூடு பண்ணின கம்பியால பக்கவாட்டுல ஓட்டை போடுறதுதான் நல்லதுன்னு கடைசியில முடிவாச்சு. ஓட்டை உள்ளருந்து வெளிய குத்தணும். இல்லைன்னா பிசிறு உள்பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும்.

டப்பா உசரமா இருக்கணும்னு பையன் அடம். தரை வகை டரான்டுலாவுக்கு உசரம்தான் எமன். வயிறு தண்ணி நிறைஞ்ச பலூன் மாதிரி. ஒரு முழ உசரத்துலருந்து விழுந்தாலே வெடிச்சுப் போகலாம். மண்ணுலருந்து மூடி வரைக்கும் அதோட கால் விரிப்புல ஒண்ணரை மடங்குக்கு மேல இருக்கக் கூடாது. மிச்ச இடத்தை மண் போட்டு நிரப்பிடணும், அது குழி தோண்டிக்கும். மரவகைக்குத்தான் உசரம். ரீல்ஸ்ல கையில வச்சுக் காட்டுறானே, அவன் ஒரு தும்மல் தும்மினாப் போதும், அது கீழ விழுந்து முடிஞ்சுது.

மண்ணுக்குத் தென்னை நார்க்கழிவு. நமக்கு இதுல கவலையே இல்ல, தோப்புக்குத் தோப்பு கிடைக்குது. ஆனா உரம் கலந்ததை எடுக்கக் கூடாது. முதல்ல முழுக்க நனைச்சோம், வெள்ளையாப் பூஞ்சை பூத்துடுச்சு. அப்புறம் முழுக்கக் காய விட்டோம், பூச்சி தண்ணிக்கு மூடியையே சுத்துச்சு. ஒரு மூலை மட்டும் ஈரம், மத்ததெல்லாம் காய்ச்சல், ஒரு சோடா மூடி நிறைய தண்ணி. இதுதான் நின்னுச்சு. (தண்ணிக்குள்ள பஞ்சு, ஸ்பான்ஜ் போடச் சொல்வாங்க. வேணாம். அழுக்குதான் சேரும்.) ஒளிஞ்சுக்க ஒரு அரைச் சிரட்டை. அதைவிட நல்ல வீடு எந்தக் கடையிலயும் கிடையாது.

சூடு. குளிர் நாட்டுக்காரன் எழுதுறதைப் படிச்சிட்டு வெப்ப விளக்கு வாங்காதீங்க. நம்ம ஊர் ஏப்ரல், மே மாசத்துல டப்பாவுக்கு வெளிச்சம் எதுக்கு, நிழல்தான் வேணும். பெரும்பாலான வகைக்கு 25-லருந்து 28 டிகிரி சொகம். மாடி அறை, தகரக் கூரை, ஜன்னல் ஓரம் மூணும் ஆகாது.

இப்ப நம்ம ஊருக்குன்னே உள்ள ஒரு விஷயம். இதை எந்த வெளிநாட்டுக்காரனும் எழுத மாட்டான்.

கொசுவத்தி!

கொசுவத்திச் சுருள், சுவத்துல செருகுற திரவ மருந்து, கரப்பானுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் பூச்சியைக் கொல்ற மருந்துதானே. எட்டுக்கால் பூச்சிக்கு மட்டும் அது அகர்பத்தியாவா இருக்கும்? சாயங்காலம் ஆறு மணியானா வீடு வீடாப் புகை போடுற ஊரு இது. வாசல்ல நகராட்சிக் கொசுப்புகை வண்டி வேற வரும். டப்பா இருக்கிற அறையில இதெல்லாம் நிப்பாட்டி, வலை கட்டிப் படுக்கத் தயாரான்னு பாருங்க. நாய்க்கு உண்ணி மருந்து தடவின கையோட டப்பாவுல கை வைக்கக் கூடாது. நம்ம ஊர்ல நாய் இல்லாத வீடு எது?

அடுத்து சித்தெறும்பு. செத்த பூச்சி மிச்சம் கிடந்தா ராத்திரிக்கு ராத்திரி படையெடுக்கும். தோலுரிச்சு மெத்துனு கிடக்கிற டரான்டுலாவை எறும்பு சும்மா விடாது. எறும்புப் பொடி போட முடியாது (மேல படிங்க, மருந்து). நாங்க கண்டுபிடிச்சது: டப்பாவை ஒரு செங்கல் மேல வச்சு, செங்கல்லைத் தண்ணித் தட்டுல வைக்கிறது. அம்மா சர்க்கரை டப்பாவுக்குப் பண்றதுதான்.

இப்ப சாப்பாடு. ரீல்ஸ்காரன் "வாரம் ஒரு பூச்சி"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டான். அந்தப் பூச்சி எங்கருந்து வரும்? ராஜபாளையத்துல எந்தக் கடையில சுவர்க்கோழி விக்கிறாங்க? அடுப்படிக் கரப்பானைப் பிடிச்சுப் போடலாம்னா, அது எந்த வீட்டு மருந்தைத் தின்னுட்டு வந்துச்சோ. வயக்காட்டு வெட்டுக்கிளியும் அப்படித்தான், பருத்திக்கு அடிச்ச மருந்து அதோட வயித்துல இருக்கும்.

ஆக, எட்டுக்கால் பூச்சி வளர்க்கிறவன் முதல்ல சுவர்க்கோழி வளர்க்கணும். அதுக்கு முட்டை அட்டை, கேரட், கொஞ்சம் தவிடு, முட்டையிட ஈரமண்ணு ஒரு கிண்ணம். எல்லாம் பண்ணினோம். பெருகுச்சு. சும்மா பெருகல, பாட ஆரம்பிச்சுது. விடிய விடிய. அம்மா ரெண்டு ராத்திரி பொறுத்தாங்க. மூணாவது நாள் தொட்டியோட மொட்டை மாடிக்குப் போயிடுச்சு. "ராசா இருக்கலாம், ராசாவோட கச்சேரி ஆகாது."

பூச்சி எவ்வளவு பெருசு போடலாம்? எட்டுக்கால் பூச்சியோட வயித்தைவிடப் பெருசு வேணாம். குட்டிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை, வளர்ந்ததுக்கு வாரம் ஒண்ணு, இல்ல பத்து நாளைக்கு ஒண்ணு. தின்னலைன்னா அடுத்த நாள் எடுத்துடணும். சிலி ரோஸ் மாசக்கணக்கா விரதம் இருக்கும், அதுக்கு டாக்டரைத் தேடாதீங்க. தண்ணி மட்டும் இருக்கணும்.

விரதத்துக்கு இன்னொரு காரணம், தோலுரிப்பு. அதைத் தெரியாம எத்தனை பேர் உயிரோட இருக்கிறதைக் குப்பையில போட்டிருப்பாங்களோ. டரான்டுலா தோலுரிக்கிறப்போ மல்லாக்கப் படுத்துக்கும். எட்டுக் காலும் விரிஞ்சு, அசையாம, மணிக்கணக்கா. பார்க்கிறவன் செத்துப் போச்சுன்னு நினைப்பான். நிஜமாவே சாகப் போறது அப்படி இருக்காது. அது கவுந்தபடியே காலை எல்லாம் அடியில சுருட்டிக்கும். ஏன்னா அதோட காலை நீட்டுறது தசை இல்ல, உடம்புத் திரவத்தோட அழுத்தம். அழுத்தம் இறங்கினா காலு மடங்கிடும். மல்லாக்க இருந்தா தொடாதீங்க, சுருண்டு இருந்தா தண்ணியைக் கவனிங்க.

உரிச்ச புதுசுல பல்லு வெள்ளையா இருக்கும். அப்புறம் சிவப்பு, அப்புறம் கறுப்பு. கறுப்பாகிற வரைக்கும் சாப்பாடு போடக் கூடாது. உள்ள சுவர்க்கோழி ஒண்ணு கிடந்தா, அது இந்த மெத்து உடம்பைக் கடிச்சுத் தின்னுடும். வேட்டைக்காரனை இரை தின்ன கதை.

கையில எடுக்கிறதைப் பத்தி ஒரே வரி: எடுக்காதீங்க. அதுக்கு உங்களைத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் விருப்பமில்ல. இடம் மாத்தணும்னா ஒரு டம்ளரை அதுக்கு முன்னால படுக்க வச்சு, பெயின்ட் பிரஷ்ஷால பின்பக்கம் லேசாத் தொட்டா, தானே உள்ள நடந்து போகும்.

இவ்வளவும் கேட்டுட்டுப் பையன் கேட்டான்: "அப்ப நீங்க டரான்டுலாவைப் பார்த்திருக்கீங்களா மாமா, இல்ல சும்மா யூடியூப்பா?"

கேட்டானே ஒரு கேள்வி.

அய்யனார் கோவில் போற ரோட்டுல, காட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், தெரிஞ்சவங்க மாந்தோப்பு ஒண்ணு இருக்கு. கிழட்டு மரங்க. காவக்காரர் அம்பது வருஷமா அந்தத் தோப்புலயே கிடக்காரு. பையன்கிட்ட எங்கன்னு சொல்லாம வண்டியை அங்க விட்டேன்.

"என்னத்தப் பாக்க வந்தீக, காய் ஒண்ணும் இல்லையே."

"எட்டுக்கால் பூச்சிய்யா. பெருசு."

"அந்தாலதான் கெடக்கு. இருட்டட்டும்."

டார்ச்சுக்கு முன்னால தீபாவளிச் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கிட்டோம். வெள்ளை வெளிச்சம் பட்டா உள்ள போயிடும், சிவப்புன்னா அவ்வளவா அலட்டிக்காது. மரத்துல ஆள் நெஞ்சு உசரத்துல ஒரு பொந்து. வாய் ஓரத்துல வெள்ளையா வலை, அதுல மரத்தூளும் பட்டைத் துணுக்கும் ஒட்டியிருந்துச்சு. முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் பட்டையில ரெண்டு திட்டு மட்டும் லேசா நகர்ந்துச்சு. காலு. சாம்பலும் கறுப்பும் கலந்த கோலம். மாம்பட்டை எது, கால் எதுன்னு பிரிக்கவே முடியல. பாதத்து நுனி பஞ்சு வச்ச மாதிரி அகலமா, பட்டையில ஓசையில்லாமப் பதியுது.

ஒரு கறுப்பு வண்டு மரத்துல ஏறி வந்துச்சு. எனக்கு அதோட பாய்ச்சல் தெரியவே இல்ல. வண்டு இருந்த இடத்துல எட்டுக்கால் பூச்சி இருந்துச்சு, அவ்வளவுதான் பார்த்தேன். பையன் பின்னால ஒரு எட்டு வச்சு வாய்க்கால்ல காலை விட்டுட்டான். அந்தச் சத்தத்துக்கு அது முன்னங்காலைத் தூக்குச்சு பாருங்க! அடிப்பக்கம் பளீர்னு மஞ்சள். மேல இருந்த பட்டைக் கலர் எங்க, இது எங்க. "கிட்ட வராத"ங்கிறதுக்கு அதுக்கு மேல போர்டு வேணாம். அடுத்த நொடி பொந்துக்குள்ள.

எந்த இனம்னு நான் சொல்ல மாட்டேன். பொயிசிலோதீரியாவுல ஒவ்வொண்ணையும் பிரிக்கிறது காலோட அடிப்பக்கத்துக் கோலத்தை வச்சு நிபுணருங்க பண்ற வேலை, டார்ச் அடிக்கிற மாமாவோட வேலை இல்ல.

காவக்காரர்கிட்ட பையன் கேட்டான், "தாத்தா, இதுக்குப் பேரு எதுவும் வச்சிருக்கீங்களா?"

"பேரு எதுக்குப்பா? கூப்பிட்டா வரவா போகுது?"

திரும்பி வர்றப்போ, ஒரே பொந்துல தாயும் குட்டிகளுமா சேர்ந்து இருக்கிறதும் இந்த இனத்துல உண்டுன்னு சொன்னேன். மத்த டரான்டுலா எதிர்ல வந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும், இது கொஞ்சம் குடும்பஸ்தன். அதைப் பார்க்கணும்னு இப்ப அவனுக்கு வெறி. போன ஞாயித்துக்கிழமை நான் இல்லாமலே போயிட்டு வந்திருக்கான். ஃபோட்டோ அனுப்பினான். சிவப்பா ஒரு பொந்து, வேற ஒண்ணும் இல்ல.

உங்க பக்கத்துலயும் பழைய மரம், பொந்து, வாயில வலைன்னு எதுவும் இருந்தா போய்ப் பாருங்க. தோப்புக்காரங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க, குச்சி விட்டுக் குத்தாதீங்க, எந்த மரம்னு நெட்டுல போடாதீங்க. பொந்துல பார்த்த ஃபோட்டோவைப் போட்டா, பிடிச்சு விக்கிறவன்தான் முதல்ல லைக் போடுவான். அப்புறம் செருப்பு போட்டுப் போகாதீங்க, ஷூ போடுங்க. எட்டுக்கால் பூச்சிக்காக இல்ல, கண்ணாடி விரியனுக்காக.